நம் உதைபந்தாட்ட லீக் ஏன் நிலைத்து நிற்பதில்லை? ஒரு சின்னக் கழகத்தின் சீ.ஆர். கொப்பியிலிருந்து கேட்கிறேன்

கொட்டாஞ்சேனைப் பொருளாளர் · வெள்ளி இரவு 9.12

12 வருடமாக வடகொழும்பில் ஒரு சின்னக் கழகத்துக்குப் பொருளாளராக இருக்கிறேன். 14 வயதுக்குக் கீழ் ஒரு அணி, 17க்குக் கீழ் ஒரு அணி, பெரியவர்களுக்கு ஒரு அணி. அவ்வளவுதான் கழகம். கணக்கு முழுக்க ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது.

நேற்று இரவு வருடக் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். இடது பக்கம் வரவு: மாதச் சந்தா, நாங்கள் நடத்திய எழுவர் சுற்றுப்போட்டியின் நுழைவுக் கட்டணம், இத்தாலியில் இருக்கும் பழைய கோல்காப்பாளர் அனுப்பிய காசு. வலது பக்கம் செலவு: மைதான வாடகை, பந்து, மத்தியஸ்தர்களுக்குக் கொடுத்தது, பஸ், பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் பால் பக்கற்றும். வலது பக்கத்தில் பாதிக்கு மேல் மைதான வாடகைக்கே போய்விட்டது. இந்த ஊரில் பந்து உதைக்க ஒரு துண்டு நிலம் நமக்கென்று இல்லாததற்கு நாம் கொடுக்கும் விலை அது.

அனுசரணை என்ற வரிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. போன வருடம் ஒரு கம்பனி தருவதாகச் சொன்னது. அவர்களுடைய பெயரை ஜேர்சியில் அடித்தும் விட்டோம். காசு வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. பிள்ளைகள் இன்னமும் அந்தப் பெயரைத்தான் நெஞ்சில் போட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். 2021இல் சுப்பர் லீக் என்று நாட்டின் முதல் தொழில்முறை லீக்கை 10 கழகங்களோடு தொடங்கினார்கள். ரட்ணம், ரினோன், கொழும்பு எப்.சி., நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ் எல்லாம் இருந்தன. களுத்துறை புளூ ஸ்டார் சம்பியன் ஆனது. 2022இல் அவர்கள் ஆசியக் கழகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நேபாளத்தின் மச்சிந்த்ராவை 2-1 என்று வென்றார்கள், அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தா மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றார்கள். எனக்கு அந்தத் தோல்வி வலிக்கவே இல்லை. நம் கழகம் ஒன்று அங்கே போய் நின்றதே என்று சந்தோஷம்தான். ஆனால் அந்த லீக் வருடா வருடம் அதே உருவத்தில் தொடரவில்லை. உலகம் முழுக்க இந்த விளையாட்டில் காசு கொட்டுகிறது என்கிறார்கள். அது ஏன் நம் பக்கம் வருவதில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைக் கடற்கரை · வெள்ளி இரவு 10.05

அண்ணா, காசு எங்கே உண்டாகிறது என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைக்கும்.

இங்கிலாந்தையே எடுங்கள். இன்று நாம் சனிக்கிழமை இரவு பார்க்கும் பிரீமியர் லீக் 1992இல்தான் பிறந்தது. அதற்கு 3 வருடம் முன்னால் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை இருக்கவேண்டும் என்றது. மைதானத்தைத் திருத்தக் காசு தேவைப்பட்டது. அந்த நேரம்தான் ஸ்கை என்ற புது செய்மதித் தொலைக்காட்சி ஆள் பிடிக்க அலைந்துகொண்டிருந்தது. இரண்டு தேவையும் ஒன்றாகச் சேர்ந்தன. முதல் ஒப்பந்தம் 5 வருடத்துக்கு 304 மில்லியன் பவுண். 2025இல் தொடங்கிய உள்நாட்டு ஒப்பந்தம் மட்டும் 4 வருடத்துக்கு 6.7 பில்லியன் பவுண்.

பலர் பார்க்காமல் விடும் விஷயம், அந்தக் காசைப் பிரிக்கும் விதம். உள்நாட்டுத் தொலைக்காட்சிப் பணத்தில் பாதி எல்லோருக்கும் சமமாகப் போகிறது. கால்வாசி எத்தனையாவது இடத்தில் முடித்தாய் என்பதற்கு, மற்றக் கால்வாசி எத்தனை ஆட்டம் நேரடியாகக் காட்டினார்கள் என்பதற்கு. அதனால் லீக் தரும் பணத்தில் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இடையில் இரண்டு மடங்குகூட வித்தியாசம் வராது. ஸ்பெயினில் 2015 வரைக்கும் ஒவ்வொரு கழகமும் தன் உரிமையைத் தானே விற்றது. ரியல் மட்ரிட்டும் பார்சிலோனாவும் அள்ளிக்கொண்டு போக, மற்றவர்கள் மிச்சத்தைப் பொறுக்கினார்கள். அரசாங்கம் சட்டம் போட்ட பிறகுதான் சேர்ந்து விற்க ஆரம்பித்தார்கள்.

நம்முடைய லீக் மெச்சை எந்தச் சனல் காசு கொடுத்து வாங்கும்? பெரும்பாலும் நாமே கமெராக்காரருக்குக் காசு கொடுத்து முகநூலில் காட்டவேண்டியிருக்கிறது. நாமும் சந்தா கட்டிப் பார்ப்பது வெளியூர் ஆட்டத்தை. அந்தச் சந்தாவில் ஒரு சதம்கூட கொட்டாஞ்சேனைக்கு வராது. நானும் அந்தச் சந்தா கட்டுகிற ஆள்தான். உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து அது மனதை உறுத்துகிறது.

கொம்பனித்தெரு நானா · வெள்ளி இரவு 11.20

தம்பிமார் தொலைக்காட்சி தொலைக்காட்சி என்கிறீர்கள். அதற்கு முன்னால் ஆள் வந்தார்களா இல்லையா?

1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ணம் இங்கே நடந்தது. இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0 என்று வென்றோம். சுகததாச மைதானத்துக்கு நான் நடந்தே போனேன், பஸ்ஸில் ஏற வழியில்லை. திரும்பி வரும்போது முன்பின் தெரியாத ஒரு சிங்களத் தம்பி என் தோளில் கைபோட்டுக்கொண்டு மருதானை வரைக்கும் வந்தான். பெயர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு டிக்கட் வாங்க நின்ற வரிசையை நான் கண்ணால் பார்த்தவன்.

எங்கள் பக்கம் ஜாவா லேன் கழகம் விளையாடினால் வீட்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். மலாய்க்காரர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எல்லாரும் ஒரே வரம்பில்தான் நிற்பார்கள். ஸாஹிராவும் ஹமீத் அல் ஹுசைனியும் மோதினால் பாடசாலை மெச்சுக்கே சனம் தாங்காது. அந்தச் சனம் இன்னும் செத்துப் போகவில்லை. ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. முந்தின நாள் இரவு வட்ஸ்அப்பில் மாற்றுகிறார்கள். மாலை 3.30க்கு வெயிலில் வைத்தால் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்?

மலைநாட்டு ரயில் · சனி காலை 6.48

வணக்கம். ஊர் ஹட்டன் பக்கம், வேலை கொழும்பில். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், கோபிக்கவேண்டாம்.

முதலில் பெரிய பணம் வேண்டும். பணம் வந்தால் மைதானம் வரும், விளக்கு வரும், நானா சொல்லுகிற நேரப் பிரச்சினையும் தீரும். கிரிக்கெட்டில் 2020இல் லங்கா பிரீமியர் லீக் வந்தபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு அணி இருந்தது, சனம் சொந்தம்போலப் பார்த்தது. இந்தியாவில் 2014இல் இந்தியன் சுப்பர் லீக் வந்தது. சென்னையின் எப்.சி. 2015இலும் 2018இலும் கிண்ணம் எடுத்தது. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்கு அரங்கம் மஞ்சளாகும். முதலாளிகள் உள்ளே வந்ததால்தானே அது நடந்தது? அப்கன்ட்ரி லயன்ஸ் நாவலப்பிட்டியிலிருந்து வந்து கொழும்பு அணிகளோடு மோதியபோது எங்கள் சனத்துக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் ஒரு ஆட்டத்துக்கு வந்துபோகும் பஸ் செலவே அப்படிப்பட்ட கழகத்தின் முதுகை ஒடித்துவிடும். சந்தாக் காசில் தொழில்முறை லீக் நடத்த முடியாது ஐயா.

வெள்ளவத்தைக் கடற்கரை · சனி காலை 8.31

மலைநாட்டுச் சகோ, பஸ் செலவு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் முதலாளி ஒருவரின் பணத்தில் நிற்கும் லீக் எப்படி விழும் என்பதற்குச் சீனாவைப் பாருங்கள்.

2017இல் பிரேசில் வீரர் ஒஸ்காரை சுமார் 60 மில்லியன் பவுண் கொடுத்து ஷங்ஹாய்க்குக் கொண்டு போனார்கள். அந்த நேரம் ஐரோப்பாவே பயந்தது. ஜியாங்சு கழகம் 2020 நவம்பரில் லீக் சம்பியன் ஆனது. 2021 பெப்ரவரியில் மூடிவிட்டார்கள். கிண்ணம் எடுத்து 4 மாதம்கூட ஆகவில்லை. உரிமையாளரான சுனிங் கம்பனிக்குக் காசு நெருக்கடி. 8 முறை லீக்கும் 2 முறை ஆசியச் சம்பியன் பட்டமும் எடுத்த குவாங்சோ கழகம் 2025 ஜனவரியோடு இல்லாமல் போனது. அதன் பின்னால் நின்றது எவர்கிராண்ட் என்ற வீடு கட்டி விற்கும் கம்பனி. கம்பனி கடனில் மூழ்கியது, கழகமும் கூடவே போனது.

நீங்கள் சொன்ன இந்திய லீக்கும் 2010இல் அவர்களுடைய சம்மேளனம் ஒரு கம்பனியோடு செய்த 15 வருட உரிமை ஒப்பந்தத்தின் மேல் நின்றது. அது முடிகிற நேரம் வந்து, அடுத்தது என்ன என்று தெரியாததால் 2025 ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்திவைத்தார்கள். வீரர்களும் பயிற்றுநர்களும் சம்பளம் வருமா என்று தெரியாமல் வீட்டில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் நடப்பது வேறு மாதிரி. அங்கே எம்.எல்.எஸ். என்ற அவர்களுடைய உதைபந்தாட்ட லீக்குக்கே எல்லாம் சொந்தம், கழக முதலாளிகள் அதில் பங்காளிகள். கடைசியில் வந்த கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது, கீழே வென்ற கழகம் மேலே ஏறுவது கிடையாது. அதனால் உள்ளே வரவே விலை வைக்கிறார்கள். 2007இல் டொராண்டோ 10 மில்லியன் டொலர் கட்டி வந்தது. 2025இல் ஆட வந்த சான் டியாகோ கட்டியது 500 மில்லியன். அவ்வளவு பெரிய சந்தை அது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை.

தையல் மேசை · சனி காலை 9.15

நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். விளையாட்டு உடைதான் எங்கள் பிரிவு. இந்த உரையாடலில் ஜேர்சி பற்றிப் பொருளாளர் அண்ணா எழுதியது மனதில் தைத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பிராண்டுக்குப் போகும் ஒரு ஜேர்சியைக் கையில் எடுத்தால் முதலில் அதன் எடை தெரியாது. அவ்வளவு லேசு. கக்கத்தில் துளைத்துணி, பக்கத் தையல் உடம்பில் உரசாமல் இருக்கத் தட்டையாக ஓட்டியிருக்கும். சின்னம் நூலால் தைத்தது இல்லை, சூடு வைத்து ஒட்டியது. ஒட்டிய பிறகு பல தடவை கழுவிப் பார்த்து, ஓரம் ஒரு நூல் அளவு கிளம்பினாலும் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுவோம். அந்தச் சின்னத்துக்காகத்தான் கடையில் அவ்வளவு விலை. துணிக்கும் எங்கள் கைக்கும் அதில் கிடைப்பது சின்னப் பங்கு.

புறக்கோட்டையில் அதே சின்னம் போட்ட போலி ஜேர்சியை நம் பிள்ளைகள் வாங்கிப் போடுகிறார்கள். இதைத் தைக்கக்கூடிய கை இந்த ஊரில் இருக்கிறது. ரட்ணத்தின் ஜேர்சியோ ஜாவா லேன் ஜேர்சியோ வாங்கவேண்டும் என்றால் எந்தக் கடைக்குப் போவது? நான் தேடினேன், கிடைக்கவில்லை. அண்ணா, உங்கள் கழகச் சின்னத்தின் படம் இருந்தால் அனுப்புங்கள். அந்தக் கம்பனியின் பெயரை மூடி மேலே ஒட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று நான் பார்க்கிறேன். புது ஜேர்சி அடிக்கத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைப் பொருளாளர் · சனி காலை 9.40

தங்கச்சி, படம் அனுப்பிவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. 14 வயதுப் பிள்ளைகளின் 18 ஜேர்சிகள் இருக்கின்றன.

குருநகர்க் காற்று · சனி மதியம் 12.02

யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து 6 வருடம். கொழும்பில் நான் அதிகம் ஏங்குவது கடல் மீனுக்கும் மாலை நேர உதைபந்துக்கும்தான்.

எங்கள் பக்கம் ஆள் வருவது ஒரு பிரச்சினையே இல்லை. துரையப்பா மைதானத்தில் நல்ல இறுதியாட்டம் என்றால் மதிலிலும் ஆள் இருக்கும். குருநகர், நாவாந்துறை, அரியாலை, இளவாலை என்று ஊருக்கு ஊர் கழகம், கழகத்துக்குப் பின்னால் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர். ஒரு சுற்றுப்போட்டிக்கு கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் காசு வரும். ஆனால் அது கிண்ணத்துக்கும் பரிசுக்கும் வருகிற காசு. சுற்றுப்போட்டி முடிந்த அடுத்த நாள் பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் அனுப்புவதில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அனுப்புகிறவர் உழைத்த காசு அது. கேட்கிற நாம்தான் கிண்ணத்துக்குக் கேட்டுப் பழகிவிட்டோம்.

இன்னொன்று. தேசிய அணி 2024இல் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதியின் கடைசிச் சுற்றுக்குப் போனது. தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீனத் தாய்ப்பே உள்ள பிரிவு கிடைத்தது. அண்மைக் காலமாக அந்த அணியில் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நிறைய. சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் பந்தோடு ஓடும்போது எங்கள் வீட்டில் அம்மாகூட எழுந்து நின்றார். அவர்கள் வந்தது நல்லது. ஆனால் அவர்களை வளர்த்தது சுவீடனிலும் ஜெர்மனியிலும் இருக்கும் சின்னச் சின்னக் கழகங்கள். இங்கே குருநகரில் பிறந்த பெடியனுக்கு அந்த வாய்ப்பு 12 வயதில் கிடைக்கவேண்டும்.

நாகோயா திரும்பியவன் · சனி மாலை 4.26

ஜப்பானில் 9 வருடம் இருந்தேன். இந்த விவாதத்துக்கு அங்கேதான் நல்ல பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1993க்கு முன்னால் ஜப்பானில் இருந்தது கம்பனி அணிகளின் லீக். கார் கம்பனி, உருக்குக் கம்பனி, விமானக் கம்பனி என்று அணிகள். நம் நாட்டில் இராணுவம், விமானப்படை, பொலிஸ் அணிகள் இருப்பதுபோலத்தான். வீரன் ஊழியன், அணி கம்பனியின் ஒரு பகுதி. ஜே லீக்கை 10 கழகங்களோடு தொடங்கியபோது ஒரு விதி போட்டார்கள்: கழகத்தின் பெயரில் கம்பனிப் பெயர் கூடாது, ஊரின் பெயர் இருக்கவேண்டும், அந்த ஊரில் வேரூன்றவேண்டும். கம்பனி பணம் தரலாம், ஜேர்சியில் பெயர் போடலாம், ஆனால் கழகம் ஊருடையது.

கஷிமா என்ற சின்ன ஊர். உருக்குத் தொழிற்சாலையும் துறைமுகமும் தவிர அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அணி லீக்கில் சேர விண்ணப்பித்தபோது, கூரையோடு 15,000 பேர் அமரும் மைதானம் இருந்தால் பார்க்கலாம் என்று ஏறக்குறைய முடியாது என்ற மாதிரித்தான் சொன்னார்கள். மாகாண நிர்வாகமும் ஊரும் சேர்ந்து கட்டிவிட்டார்கள். பிரேசில் வீரர் சீக்கோ 1991இலேயே அங்கே வந்திருந்தார். சப்பாத்தை எங்கே வைப்பது, பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வருவது என்பதிலிருந்து அவர் மாற்றினார் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 2016இல் கழக உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் கஷிமா அண்ட்லர்ஸ் ரியல் மட்ரிட்டை 90 நிமிடம் 2-2 என்று நிறுத்தி, மேலதிக நேரத்தில்தான் 4-2 என்று தோற்றது. நான் நாகோயாவில் ஒரு ராமென் கடையில் நின்றுகொண்டு பார்த்தேன். கடைக்காரர் நூடில்ஸ் அவிப்பதை நிறுத்திவிட்டார்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று நினைக்கவேண்டாம். முதல் சில வருடக் கூட்டம் பிறகு குறைந்தது. 1998இல் யோகோஹாமா புளூகல்ஸ் கழகத்தின் அனுசரணையாளர் ஒருவர் கையை விரிக்க, அதைப் பக்கத்து அணியான மரினோசோடு இணைப்பதாக அறிவித்தார்கள். ரசிகர்களைக் கேட்கவில்லை. அந்த வீரர்கள் அதன் பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 1999 ஜனவரி 1ஆம் திகதி பேரரசர் கிண்ணத்தை எடுத்தார்கள். அதுதான் அந்தக் கழகத்தின் கடைசி ஆட்டம். ஆனால் ரசிகர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தாங்களே காசு சேர்த்து யோகோஹாமா எப்.சி. என்று புதிய கழகம் தொடங்கினார்கள். அது கீழிருந்து ஏறி 2007இல் முதல் பிரிவுக்கு வந்தது.

10 கழகத்தில் தொடங்கிய ஜே லீக்கில் இன்று 3 பிரிவுகளில் 60 கழகங்கள். 1998 வரை உலகக் கிண்ணத்தையே பார்க்காத நாடு அது. அதன் பிறகு ஒரு உலகக் கிண்ணத்தையும் தவறவிடவில்லை.

மலைநாட்டுச் சகோ சொல்வதுபோல் பணம் வேண்டும்தான். அது யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். கொட்டாஞ்சேனையிலோ நாவலப்பிட்டியிலோ ஊரோடு நிற்கும் கழகத்துக்குக் கொடுத்தால், கொடுத்தவர் போனாலும் கழகம் இருக்கும்.

மலைநாட்டு ரயில் · சனி மாலை 5.10

அண்ணே, புளூகல்ஸ் கதை எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனாலும் கேட்கிறேன், மாகாண நிர்வாகம் மைதானம் கட்டிக் கொடுத்த ஊர் அது. நமக்கு யார் கட்டுவார்கள்?

பதிவேடு · சனி இரவு 8.55

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். வீரர்களின் இடமாற்றப் பத்திர வேலை எனக்குப் பழக்கம். ஒருவரும் தொடாத ஒரு பணம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். யாரும் தயவு பண்ணித் தருகிற காசு இல்லை அது, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி சின்னக் கழகத்துக்குச் சேரவேண்டியது.

முதலாவது பயிற்சி இழப்பீடு. ஒரு வீரன் முதல் தடவை வெளிநாட்டில் தொழில்முறை வீரனாகப் பதிவானால், அவனுக்கு 12 வயதிலிருந்து 21 வரை பயிற்சி கொடுத்த கழகங்களுக்குப் புதுக் கழகம் பணம் கட்டவேண்டும். கழகங்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். ஆசியாவில் 2ஆம் தரக் கழகம் என்றால் ஒரு வருடப் பயிற்சிக்கு 40,000 டொலர், 3ஆம் தரம் 10,000, 4ஆம் தரம் 2,000. 12 முதல் 15 வரையான 4 வருடத்துக்கு எப்போதும் 4ஆம் தர விலைதான். சரி, கணக்குப் போடுவோம். ஒரு பிள்ளை உங்கள் கழகத்தில் 12இலிருந்து 18 வரை இருந்து, ஆசியாவில் 2ஆம் தரக் கழகம் ஒன்றோடு முதல் ஒப்பந்தம் போட்டால்: 4 வருடத்துக்கு 8,000, அடுத்த 3 வருடத்துக்கு 1,20,000. மொத்தம் 1,28,000 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 3 கோடியே 84 இலட்சம் ரூபா. பொருளாளர் ஐயா, உங்கள் கொப்பியில் இத்தனை வருடமாக எழுதிய மைதான வாடகையைக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது ஒருமைப்பாட்டுத் தொகை. ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்னால் ஒரு வீரனை விலை கொடுத்து இன்னொரு கழகம் வாங்கினால், அந்த விலையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துப் போகவேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், அதன் பிறகு வருடத்துக்கு 0.5. 2017இல் நெய்மாரை பாரிஸ் கழகத்துக்கு 222 மில்லியன் யூரோவுக்கு வாங்கினார்கள் அல்லவா? பிரேசிலில் அவர் சின்ன வயதில் ஆடிய சன்டோஸ் கழகத்துக்கு அதில் பங்கு உண்டு. ஒவ்வொரு விற்பனையிலும் உண்டு.

2022 நவம்பரிலிருந்து இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க பாரிஸ் நகரில் பீபா தனி நிலையமே திறந்திருக்கிறது. அவர்கள் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: அந்தப் பிள்ளை எந்த வருடம் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தான். பதிவில் இல்லாத கழகம், அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைக்குப் பந்தே கொடுக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பொருளாளர் · சனி இரவு 9.30

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன். ஒன்று கேட்கவேண்டும்.

எங்களிடம் 10 வயதில் வந்த ஒரு பையன். அப்பா துறைமுகத்தில் கூலி வேலை. சப்பாத்து இல்லாமல் வந்தான், பழைய சப்பாத்தில் முன்னால் துணி அடைத்துக் கொடுத்தோம். 17 வயது வரை எங்களோடு இருந்தான். இப்போது மாலைதீவில் ஒரு கழகத்தில் ஒப்பந்தம் போட்டு ஆடுகிறான். நம் தேசிய அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேராபோல அங்கே போய்ப் பெயர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் எங்களுக்கும் பெருமைதான். போகும்போது வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஆனால் அவனைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரு வரவுப் பதிவுக் கொப்பி. ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் அவன் பெயருக்கு நேரே சரி அடையாளம் போட்டிருக்கிறேன். 2017 வெள்ளத்தில் நனைந்து சில பக்கங்கள் ஒட்டிப்போய்விட்டன. லீக்கில் அவனைப் பதிந்தது 16 வயதில்தான், பெரியவர்கள் அணிக்கு எடுத்தபோது. அதற்கு முந்திய வருடங்களுக்குப் பத்திரமே இல்லை. அது பிழையா?

பதிவேடு · சனி இரவு 10.14

இரண்டு விஷயம் ஐயா. அந்த மாலைதீவுக் கழகம் 4ஆம் தரத்தில் இருந்தால் பயிற்சி இழப்பீடு கிடையாது, அது விதி. ஆனால் நாளை அங்கிருந்து இன்னொரு நாட்டுக் கழகம் அவனை விலை கொடுத்து எடுத்தால் உங்களுக்குப் பங்கு வரும். அப்போது பதிந்த வருடங்களுக்கு மட்டும்தான் சுலபமாகக் கிடைக்கும். வரவுக் கொப்பியையும் பழைய போட்டி அட்டைகளையும் வீசிவிடாதீர்கள். ஒட்டிய பக்கங்களை மெதுவாகப் பிரித்துப் படம் எடுத்து வையுங்கள். சம்மேளனத்துக்கு ஆதாரம் காட்டிக் கேட்க அதுதான் இருக்கிறது.

பிழையா என்று கேட்டீர்கள். உங்கள் பிழை இல்லை. 12 வயதிலேயே பதியவேண்டும் என்று சின்னக் கழகங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பார்த்த கழகங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. இப்போது இருக்கும் பிள்ளைகளைப் பற்றி யோசிப்போம். உங்கள் 14 வயது அணியில் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள்?

கொட்டாஞ்சேனைப் பொருளாளர் · சனி இரவு 10.20

ஒருவரும் இல்லை. 23 பிள்ளைகள்.

கொம்பனித்தெரு நானா · சனி இரவு 10.52

2023 ஜனவரியில் பீபா நம்மைத் தடை செய்து ஆகஸ்ட் கடைசி வரை வைத்திருந்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்றார்கள். அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியப் போட்டிக்கு நம் அணி போகவே முடியவில்லை. அந்த வயதில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த வருடம் திரும்பி வராது. மேலே இருப்பவர்கள் சண்டை பிடித்தால் கீழே இருக்கும் கொப்பியும் நின்றுவிடுகிறது. பீபா ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனத்துக்கும் 2023 முதல் 2026 வரையான 4 வருடத்துக்கு 8 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காசில் ஒரு துளி, மாவட்டத்துக்கு ஒரு பதிவு உத்தியோகத்தருக்குப் போனால் போதும் என்பேன். பெரிய கட்டடம் பிறகு கட்டலாம்.

பொருளாளர் தம்பி, நான் பழைய ஆள், கணினி எனக்கு வராது. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வாங்கித் தருவேன். என் காலத்தில் ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களிடம் இருப்பார்கள்.

மலைநாட்டு ரயில் · ஞாயிறு காலை 7.05

இரவு யோசித்தேன். பெரிய பணம் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. விளக்கில்லாமல் லீக் இல்லை. ஆனால் நாவலப்பிட்டிப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிப் பதியாமல் கிடக்கிறார்கள் என்று நினைத்ததும் தூக்கம் வரவில்லை. தோட்டத்தில் பல பிள்ளைகளின் பத்திரத்தில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலையில் இன்னொரு மாதிரி. அதைத் திருத்தவே மாதக்கணக்கு ஆகும். பதிவேடு ஐயா, உங்கள் விளக்கத்தை அச்செடுத்து ஊருக்குக் கொண்டு போகலாமா? அடுத்த போயா தினத்துக்கு ஊருக்குப் போகிறேன்.

பதிவேடு · ஞாயிறு காலை 7.40

தாராளமாகக் கொண்டு போங்கள். பெயர் வித்தியாசம் இருந்தால் முதலில் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறபடியே பதியுங்கள். பாடசாலைப் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

தையல் மேசை · ஞாயிறு காலை 9.22

அண்ணா, சின்னம் சரியாக வந்திருக்கிறது. கம்பனிப் பெயரின் அகலம் 24 சென்ரிமீற்றர் என்று அளந்து அனுப்பினீர்கள், அதனால் சின்னத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கீழே கழகத்தின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்திருக்கிறேன். மாதிரிக்கு ஒரு ஜேர்சி கொண்டு வாருங்கள். கழுவிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற 17ஐயும் ஒட்டுவோம்.

கொட்டாஞ்சேனைப் பொருளாளர் · ஞாயிறு காலை 10.48

எல்லோருக்கும். வரும் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு, பயிற்சிக்கு முன்னால், 23 பிள்ளைகளின் பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பதிவேடு ஐயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானா 9 வீட்டுக்குப் பொறுப்பு எடுத்திருக்கிறார். பிறப்புப் பத்திரப் பிரதி, 2 படம், பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதி கொண்டு வரவேண்டும். ஸ்கேனர் ஒன்று ஒரு பின்னேரத்துக்குத் தரக்கூடியவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், நான் ஓட்டோ பிடித்து வந்து எடுத்துக்கொள்கிறேன்.

வரவுக் கொப்பியின் ஒட்டிய பக்கங்களில் இரண்டை இன்று காலை நீராவி பிடித்துப் பிரித்துவிட்டேன். மை கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆனால் அவன் பெயரும் திகதியும் தெரிகின்றன. இன்னும் 11 பக்கம் இருக்கிறது.